தலைகீழாகத் தொங்கிய நிலை

எங்கள் பழைய வீட்டை இடித்தபோது நான் அழவில்லை. அழுதவர் மெட்ராசிலிருந்து வந்த தாடிக்காரர். இடித்துப் போட்ட ஓட்டுக் குவியலுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, உடைந்த ஓடு ஒன்றைக் கையில் எடுத்துத் தடவித் தடவி மூக்கை உறிஞ்சினார். அந்த ஓடு எங்கள் படுக்கைக்கு நேர் மேலே ஒழுகிய ஓடு. மழைக்காலத்தில் அதற்கு அடியில் நான் வைக்காத பாத்திரம் இல்லை. தேள் விழுந்ததும் அந்த இடுக்கிலிருந்துதான். ஒழிந்ததே என்று சாமிக்குச் சூடம் காட்டிவிட்டு வந்து நான் நிற்கிறேன், இவர் அந்த ஓட்டுக்குத் துக்கம் கொண்டாடுகிறார்.

இவர் எங்களுக்கு வந்து வாய்த்த கதையைச் சொல்கிறேன். குரங்கணிக்கு மேலே என் வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் உண்டு. அங்கே காய் உலர்த்துகிற பழைய ஸ்டோர் ஒன்று கூரை சரிந்து கிடக்கிறது. விறகு போட்டு வைத்திருக்கிறோம். அதைப் படம் பிடிக்க வேண்டும் என்று ஜீப்பு வைத்துக்கொண்டு இந்தத் தாடிக்காரர் வந்திருக்கிறார். என் வீட்டுக்காரர் பாலில்லாத கட்டன்சாயா போட்டுக் கொடுத்து, வாய் ஓயாமல் பழைய கதை பேசியிருக்கிறார். பேச ஆள் கிடைத்தால் அவருக்குச் சோறு வேண்டாம். கீழே இறங்கி வந்தவர் முகமெல்லாம் பல்.

"இந்தா, என்னைய என்ன சொன்னாக தெரியுமா? நடமாடும் ஆவணமாம்."

"அப்ப பத்திர ஆபீசுல கொண்டுபோயிப் பதிஞ்சுட்டு வாங்க. பட்டாவையும் மாத்திருவோம்."

"ஒனக்கு எல்லாமே எகத்தாளந்தான்."

எகத்தாளம் இல்லை. புகழ்ந்து பேசுகிறவர்கள் எங்கள் வீட்டில் எதையாவது வாங்காமல் போனதில்லை.

வீட்டுக்கு வந்த தாடிக்காரரிடம் செய்கிற தொழில் என்ன என்று கேட்டேன். ஓவியமா, சிலையா என்றால் இரண்டும் இல்லையாம். எங்கள் போடியிலேயே ஒரு குடோனைப் பிடித்து, அதில் சாமான்களை நிறுத்தியும் தொங்கவிட்டும் வைப்பாராம். ஜனம் அதற்குள்ளே நடந்துபோய், தங்கள் வீட்டையும் ஊரையும் நினைத்துப் பார்க்க வேண்டுமாம். இன்ஸ்டலேஷன் என்று அதற்குப் பெயர். என் வீட்டை நினைக்க நான் எதற்கு இன்னொருவர் குடோனுக்குப் போக வேண்டும் என்று கேட்டேன். "சூப்பர் கேள்விம்மா" என்றார். நோட்டில் எழுதிக்கொண்டார்.

அவருக்கு ஓடு கொடுத்தோம். செங்கல் கொடுத்தோம். அடுப்படிச் சுவரில் கரி படிந்த காரை வேண்டும் என்றார், பெயர்த்துக்கொண்டு போகச் சொன்னோம். குப்பை அள்ளுகிற செலவு மிச்சம். ஆனால் அவர் கண் வேறொன்றின் மேல் இருந்தது. எங்கள் தலைவாசல் நிலை.

வேங்கை மரத்து நிலை அது. என் மாமனார் வைத்தது. கல்யாணமாகி வந்த அன்று அதன் படியைத் தாண்டித்தான் நான் அந்தக் குடும்பத்துக்குள் போனேன். வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தப் படியைக் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் என் வாயில் பச்சைத்தண்ணீர் படும். எங்கள் வீட்டுச் சாமி அதில்தான் குடியிருக்கிறது. சுவரும் ஓடும் போகட்டும், அது போகக்கூடாது. அதனால்தான் வீட்டை இடிக்கும் முன் பூசை போட்டு அதை மட்டும் பெயர்த்து, மஞ்சள் துணி சுற்றி, நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக் கூடத்தில் பலகை மேல் நிறுத்தியிருந்தோம். புது வீட்டுத் தலைவாசலுக்கும் இதே நிலைதான் என்று ஆசாரியிடம் சொல்லியாகிவிட்டது.

அது ஆடி மாதம். ஆடியில் நிலை வைக்கமாட்டோம், வேலை நின்றுகிடந்தது. "சும்மாதானேம்மா இருக்கு. ஆவணி பிறக்குறதுக்குள்ள திருப்பித் தந்துடறேன்" என்றார் தாடிக்காரர். சும்மா இருக்கிறதாம்! சாமி சும்மாதான் இருக்கும், எழுந்து ஆடிக்கொண்டா இருக்கும்? முடியாது என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் என் வீட்டுக்காரர் தலையை ஆட்டிவிட்டார். ஆவணம் வாக்குக் கொடுத்துவிட்டது.

வண்டியில் ஏற்றும்போது சொல்லியனுப்பினேன்: தரையில் வைக்கக்கூடாது, பக்கத்தில் செருப்போடு போகக்கூடாது, வெள்ளிக்கிழமை ஒரு பொட்டாவது வைக்க வேண்டும். தாடிக்காரர் ஒவ்வொன்றுக்கும் "அழகு, அழகு" என்றார். நான் என்னவோ பாட்டுப் படித்த மாதிரி.

ஆவணி பிறந்தது. நிலை வரவில்லை. ஜோசியர் பார்த்துக் கொடுத்த நாள் நெருங்கியது. அந்த ஆவணியில் என் வீட்டுக்காரர் நட்சத்திரத்துக்கு ஒத்துவந்தது அந்த ஒரே முகூர்த்தம்தான். அதை விட்டால் புரட்டாசி. புரட்டாசியிலும் நிலை வைக்கமாட்டோம். கொத்தனார் வேறு வேலைக்குப் போய்விடுவார், ஐப்பசி மழை வந்துவிடும், முட்டளவு எழும்பிய சுவர் நனைந்துகொண்டு நிற்கும். அதற்கும் மேலே, பார்த்த நாளில் நிலை நிற்காவிட்டால் அந்த வீட்டில் எனக்கு மனம் நிற்காது. ஆகவே என் வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு அந்தக் குடோனுக்கே போனேன்.

முன்பு ஏலக்காய் மூட்டை அடுக்கிய குடோன் அது. உள்ளே நுழைந்ததும் ஒரு மேசை மேல் சின்னப் பாட்டில், அதில் குச்சிகள். ஏலக்காய் வாசனையாம். போடியில் வந்து ஏலக்காய் வாசனைக்குப் பாட்டில் திறந்து வைத்த மனிதரை அன்றுதான் பார்த்தேன். அந்த ஜன்னலைத் திறந்தால் போதும், தெருவே அந்த வாசனைதான். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்திருந்தார்கள். மூலையில் ஒரு ஸ்பீக்கரில் மழை பெய்தது. வெளியே நிஜ மழை தூறிக்கொண்டிருந்தது, அதை யாரும் கேட்கவில்லை. என் அடுப்படிக் கரியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, மேலே ஒரு விளக்கும் போட்டிருந்தார்கள். அந்தக் கரியைத் தேய்த்துத் தேய்த்து என் தோள்பட்டை கழன்றிருக்கிறது. சாமிக்குக்கூட அப்படி விளக்குப் போட்டு நான் பார்த்ததில்லை. உடைந்த ஓடுகளையெல்லாம் தரையில் பரப்பி, அதன் மேல் நடந்து வர வேண்டும் என்று வழி விட்டிருந்தார்கள். நான் நடக்கவில்லை. ஒதுங்கிப் போனேன்.

நடுவில் எங்கள் நிலை. கம்பி கட்டி உத்தரத்திலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. தலைகீழாக. படி மேலே, மேல்சட்டம் கீழே. வௌவால் மாதிரி. 'தொடாதீர்கள்' என்று ஒரு அட்டை வேறு அதில் ஒட்டியிருந்தது.

தாடிக்காரரைப் பக்கத்தில் கூப்பிட்டேன். "தம்பி, இது என்ன கோலம்?"

"இதுதாம்மா சென்டர் பீஸ். வாசல்னா உள்ளே போறதுக்குன்னு நினைக்கிறோம் இல்லையா? இது எந்த உள்ளேயும் போகாத வாசல். நினைவுக்கு மேல், கீழ் கிடையாதும்மா."

"நெனவுக்குக் கெடையாது, சரி. நெலைக்கு இருக்குல்ல? படியக் கொண்டுபோயி எவனாச்சும் தலைக்கு மேல மாட்டுவானா?"

"அந்த மஞ்சள் படிஞ்ச பகுதிதாம்மா ரொம்ப பவர்ஃபுல். எல்லாரும் அதை அண்ணாந்து பாக்கணும்."

"குனிஞ்சு கும்புடுறத அண்ணாந்து பாக்கணுமாக்கும்!"

அவர் முகம் மலர்ந்தது. செல்போனை என் வாய்க்கு நேரே நீட்டினார். "இதை அப்படியே இன்னொரு தடவை சொல்லுங்கம்மா. ரெக்கார்ட் பண்ணிக்கிறேன்."

இந்த மனிதரைத் திட்டவும் முடியாது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. என்ன திட்டினாலும் அதையும் வாங்கி ஒரு கண்ணாடிப் பெட்டியில் வைத்து விளக்குப் போட்டுவிடுவார்.

முகூர்த்த நாளைச் சொன்னேன். அதற்கு முந்தின நாள் சாயங்காலம்தான் அவருக்குத் திறப்பு விழாவாம். அது முடிந்து மாதம் பூராவும் நடக்குமாம். "முகூர்த்தத்தைக் கொஞ்சம் தள்ளிப் போட முடியுமாம்மா?" என்று கேட்டார், பஸ்சை நிறுத்தச் சொல்கிற மாதிரி.

"ஒங்க கல்யாணத்துக்கு வர்றேன் தம்பி. தாலி கட்டுற நேரத்த நானும் தள்ளிப் போடச் சொல்றேன்."

என் வீட்டுக்காரர் பிடரியைச் சொறிந்தார். வெளியே வந்ததும், "வாக்குக் குடுத்துட்டேன்ல" என்றார்.

"சாமிக்குக் குடுத்த வாக்கு?"

நடையை எட்டிப் போட்டார். மறுநாள் விடிந்ததும் காய் எடுக்கிற சோலி இருக்கிறது என்று மலைக்கு ஏறிவிட்டார். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் இறங்கி நிலைக்கு வழி பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். தப்பித்து ஓடுகிறவருக்கு மலை நல்ல இடம். அங்கே செல்போனும் எடுக்காது.

அந்த முந்தின நாளும் வந்தது. நான் புது வீட்டு மனையில் நின்று, சுவருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தேன். என் போன் வாடகை வீட்டில் சார்ஜில் கிடந்தது. தெருமுனையில் ஒரு வேன் வந்து நின்றது. ராசிங்காபுரத்து என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் அக்கா, தலையை விரித்துப் போட்டுக்கொண்டு அதிலிருந்து இறங்கினார். பின்னால் அவர் வீட்டுக்காரர், வேன் நிறைய ஜனம். ஒருவர் கையில் பெரிய ரோஜா மாலை.

"என் கூடப் பொறந்தவனே!" என்று மார்பில் அடித்துக்கொண்டு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார். "ஏத்தா, ஒன்னைய இப்பிடி ஒத்தையில செவுத்த நனைக்க விட்டுட்டுப் போயிட்டானே!"

குழாய் என் கையிலிருந்து விழுந்தது. யாருக்கு, என்ன என்று நான் கேட்கவில்லை. காலையிலிருந்து மலையில் மழை. குரங்கணிக்கு மேலே அந்த ஜீப்பு ரோடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். என் கை தானாகத் தாலிக்குப் போனது. பரமசிவன் கோயில் மலை இருக்கிற திக்கைத் திரும்பிப் பார்த்தேன். தினமும் சாமியிடம் அதைக் கொடு, இதைக் கொடு என்று வாய் வலிக்கக் கேட்கிறவள் நான். அன்றைக்கு எனக்குக் கேட்கத் தெரியவில்லை. நிலையைத் தலைகீழாகத் தொங்கவிட்டார்களே, தொங்கவிட்டார்களே என்று அது ஒன்றுதான் மனதில் ஓடியது.

நாத்தனார் தோளைப் பிடித்து உலுக்கினேன். "யாரு மதினி சொன்னா?"

நாத்தனார் வீட்டுக்காரர் தன் போனை நீட்டினார். "நேத்து ராத்திரி பஸ் ஸ்டாண்டு பூரா ஒட்டியிருக்காகளேம்மா. நம்ம பய ஒருத்தன் போடியில பாத்துட்டுப் போட்டோ புடிச்சு அனுப்புனான். ஒங்களுக்கு அடிச்சா எடுக்கல, அவனுக்கு அடிச்சா சுவிச்சு ஆப்பு."

பார்த்தேன். சுவரில் ஒட்டிய போஸ்டர். கறுப்புப் பின்னணி. நடுவில் என் வீட்டுக்காரர் முகம், கறுப்பு வெள்ளையில், கண்ணைத் தாழ்த்தி. மேலே பெரிய எழுத்தில் 'நினைவில் நிற்கும்'. முகத்துக்குக் கீழே, எறும்பு ஊர்கிற அளவில், 'வீடு'. அதற்கும் கீழே அன்றைய தேதி, மாலை நேரம், அனைவரும் வருக.

என் எட்டாம் வகுப்புப் படிப்பு அதற்குப் போதும். இரண்டு முறை படித்தேன். எங்கள் ஊர்ச் சுவர்களில் கறுப்புக்குள் ஒரு முகம் வந்து, பக்கத்தில் 'நினைவில்' என்று இருந்தால் அதற்கு மேல் யாரும் படிப்பதில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவோம். இது இந்த ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். வீட்டின் நினைவு, ஊரின் நினைவு என்று மூச்சுக்கு மூச்சு பேசுகிற தாடிக்காரர் எங்கள் ஊரில் எத்தனை சுவரைப் படம் பிடித்தாரோ, அதில் என்ன ஒட்டியிருக்கிறது என்று மட்டும் பார்க்கவில்லை.

"மதினி, இதுல வீடுன்னு போட்டுருக்கு. அந்தக் குடோன் விழாவுக்கு ஒட்டுன நோட்டீசு இது."

நாத்தனார் மூக்கைச் சிந்திவிட்டுப் போனை வாங்கிப் பார்த்தார். "வீடா? அட்ரசு போட்டிருப்பாகன்னுல்ல நெனச்சேன்! பேரக்கூடக் காணமே, பேரு போட ஒரு நாதியில்லாமப் போயிட்டானேன்னுதான வழிநெடுக அழுதுக்கிட்டு வந்தேன்!"

போஸ்டர் பொய் என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் வயிறு நம்பவில்லை. போனை எடுக்காத ஆள் வந்து கண் முன்னால் நிற்கிறவரை அது நம்பாது. நான் செங்கல் குவியல் மேல் உட்கார்ந்துவிட்டேன். நாத்தனாரும் பக்கத்தில் உட்கார்ந்தார். தண்ணீர்க் குழாய் தரையில் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை.

லோடு ஜீப்பு வந்தது. மூட்டைகளுக்கு மேலே துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். இறங்கியவர் கூட்டத்தைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார்.

"அடேயப்பா! நாளைக்கு நெலைக்கு இன்னைக்கே வந்துட்டியளா? எதுக்குக்கா இம்புட்டுப் பெரிய மாலை?"

நாத்தனார் எழுந்துபோய் அவர் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தார். பிறகு அந்த முதுகையே கட்டிக்கொண்டு அழுதார். அவர் வீட்டுக்காரர், "ஒனக்குத்தான் வாங்குனோம் மாப்ளே. கழுத்தக் காட்டு, காசு வீணாப் போகக்கூடாது" என்றார். வேனில் வந்த ஜனமெல்லாம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

என் வீட்டுக்காரர் போஸ்டரைப் பார்த்தார். "போட்டோ நல்லாத்தான் புடிச்சிருக்காரு" என்று ஆரம்பித்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். என் கை இன்னும் தாலியை விடவில்லை. அது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினார். "வாங்க மச்சான். வெரசாப் போயி நம்ம நெலையத் தூக்கிட்டு வந்துருவோம்."

குடோனில் விழா தொடங்கியிருந்தது. கைத்தறிச் சேலையும் பெரிய பொட்டுமாக வெளியூர்ப் பெண்கள், ஜிப்பா போட்ட ஆண்கள், கையில் டீ கப்பு. தலை விரித்த பெண்களும் இடுப்பில் துண்டு கட்டிய ஆண்களும் வேனிலிருந்து இறங்கி உள்ளே வரவும், அவர்கள் மரியாதையாக ஒதுங்கி வழி விட்டார்கள். இதுவும் ஏற்பாடு என்று நினைத்துவிட்டார்கள் போல.

நிலையை அந்தக் கோலத்தில் பார்த்ததும் நாத்தனாருக்கு நின்றுபோன அழுகை திரும்பிவிட்டது. அது அவர் பிறந்த வீட்டு வாசல் அல்லவா? "எங்கப்பன் வச்ச நெலையடா! எந்தக் கட்டையில போறவன்டா இதத் தலைகீழாக் கட்டுனது?" உடனே சுற்றிலும் செல்போன்கள் தலைக்கு மேலே எழுந்தன. ஜிப்பாக்காரர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிஜ அழுகைக்கும் ஸ்பீக்கரில் பெய்த மழைக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஏணி போட்டார்கள், கம்பியை அவிழ்த்தார்கள். நான்கைந்து பேர் தாங்கி மெல்ல இறக்கி, புரட்டி நேராக நிறுத்தினார்கள். நான் முந்தானையால் அந்தப் படியைத் துடைத்தேன். இடுப்பில் முடிந்திருந்த மஞ்சளைக் குழைத்துப் பூசி ஒரு பொட்டு வைத்தேன். தரையில் விழுந்து கும்பிட்டேன். எழுந்தபோது எல்லோரும் கை தட்டினார்கள்.

பெரிய பொட்டு வைத்த அம்மா ஒருவர் நாத்தனார் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப உருக்கமா இருந்துச்சு. நீங்க எந்த ட்ரூப்?" என்று கேட்டார்.

"ராசிங்காபுரம்" என்றார் நாத்தனார்.

மாலை ஒன்று மிச்சம் இருந்தது. சாவுக்கென்று வாங்கியதை நிலைக்குப் போடக்கூடாது, வீட்டுக்கும் கொண்டுபோகக்கூடாது. என்ன செய்வது என்று நாத்தனார் வீட்டுக்காரர் சுற்றும் முற்றும் பார்த்தார். நிலை தொங்கிய கம்பி வெறுமனே ஆடிக்கொண்டிருந்தது. ஏணியில் ஏறி மாலையை அதில் மாட்டிவிட்டு இறங்கினார்.

தாடிக்காரர் சண்டைக்கு வருவார் என்று நான் ஆயத்தமாக இருந்தேன். அவர் கண் கலங்க அந்த மாலையையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஐயா, இதை இன்னொரு தடவை, கொஞ்சம் மெதுவா மாட்ட முடியுமா?" என்று கேட்டார்.

அந்த மாதம் பூராவும் அந்த மாலைதான் அங்கே தொங்கியது என்று சொன்னார்கள். காய்ந்து, கறுத்து, இதழ் உதிர்ந்து. கீழே 'தொடாதீர்கள்'. ஜனமும் வரிசையில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனதாம். பார்க்கட்டும்.

மறுநாள் விடியும் முன் நிலை நின்றது. படிக்கு அடியில் நவதானியமும் துளிப் பொன்னும் போட்டு, மேலே மாவிலையும் மஞ்சள் துணி முடிச்சும் கட்டி, ஆசாரி தூக்கு நூல் பிடித்துச் சரி பார்த்தார். சுவர் முட்டளவுதான். நிலை மட்டும் வானத்தைப் பார்த்துத் தனியாக நின்றது. ராசிங்காபுரத்து ஜனம் இரவு தங்கியிருந்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தது. அதற்குச் சேலை எங்கிருந்து என்று கேட்காதீர்கள், என் பீரோ காலி.

தாடிக்காரரும் வந்தார். அவரை யார் அழைத்தது என்று நான் கேட்கவில்லை, என் வீட்டுக்காரர் வேறு பக்கம் பார்த்தார். கேமராவைத் தூக்கிக்கொண்டு, "அம்மா! சுவரே இல்லாம வாசல் மட்டும்! நான் செஞ்சதும் இதேதானேம்மா!" என்றார்.

"செருப்பக் கழட்டிட்டு, படிய மிதிக்காமத் தாண்டி உள்ள வாங்க தம்பி. பொங்கல் சாப்புட்டுப் போங்க."

கேமராவில் கண்ணை வைத்துக்கொண்டே வந்தார். படியைச் சரியாகத் தாண்டினார். பழைய காலத்து நிலை, உயரம் குறைவு, குனிந்துதான் வர வேண்டும். மேல்சட்டம் அவர் நெற்றியில் நங்கென்று மோதியது.

"அதான் தம்பி மேலு" என்றேன். "தாண்டி வந்தீகள்ல, அது கீழு."

நெற்றியைத் தேய்த்துக்கொண்டே மற்றொரு கையால் போனைத் தேடினார், பதிவு செய்ய. நான் அதற்குள் பொங்கல் பானையிடம் போய்விட்டேன்.